கூடத்துக்குள் வராதே, எதிரணி ரன் எடுக்கிறது

2022ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தபோது, ஓல் மிஸ் என்று எல்லோராலும் அழைக்கப்படும் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணி, அமெரிக்கத் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் மோதும் எஸ்.ஈ.சி. லீக் ஆட்டங்களில் 7இல் வென்று 14இல் தோற்றிருந்தது. என் கணவரோ, பயிற்சியாளரை ஏன் உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கான காரணங்களை, சாம்பார் ஆறுவதையும் பொருட்படுத்தாமல், எனக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்ப்பவர். பேஸ்பால் மட்டையை வாழ்நாளில் கையால் தொட்டதில்லை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் நகரில் குடியேறிய ஒருவர் இந்த அணியைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது, மதுரையில் குடியேறிய ஒருவர் சித்திரைத் திருவிழாவைப் பற்றித் தெரியாமல் இருப்பதற்கு ஒப்பானது. எனவே அவர் ரசிகரானதில் வியப்பில்லை. அந்த ஆண்டு அவர் ரசிகர் நிலையிலிருந்து பக்தர் நிலைக்கு எப்படி உயர்ந்தார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அவருடைய கசப்புக்கு நியாயம் இருந்தது. மார்ச் மாதத்தில் இதே அணி நாட்டின் முதலிடத்தில் இருந்தது. முதலிடத்துக்கு வந்த கையோடு டென்னசி அணி ஆக்ஸ்ஃபோர்டுக்கே வந்து, ஸ்வேஸி மைதானத்தில், மூன்று ஆட்டங்களிலும் தோற்கடித்துவிட்டுப் போனது. அந்த மைதானத்தின் வலப்புறத் திடலில் மாணவர்கள் கூடி, தங்கள் அணி ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்சர் மாதிரி) அடிக்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பீரை வானத்தை நோக்கி வீசுவது வழக்கம். டென்னசி வந்திருந்த அந்த வாரம் பெரும்பாலான பீர் குடிப்பதற்கே பயன்பட்டது என்று என் கணவர் துக்கத்தோடு கூறினார். இவை போதாவென்று, முந்தைய ஆண்டான 2021இல் தேசியப் பட்டத்தை வென்றிருந்தது வேறு யாருமல்ல, பரம வைரியான மிசிசிப்பி ஸ்டேட். எதிரி தோற்றால் வரும் மகிழ்ச்சியைவிட, எதிரி வென்றால் வரும் வயிற்றெரிச்சல் நீண்ட நாள் நிலைக்கும் என்பதை நான் அந்த ஓராண்டில் வீட்டிலேயே கண்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். அந்த ஊரிலேயே பிறந்து, பணி ஓய்வு பெற்ற பின் எல்லா ஆட்டங்களுக்கும் சீசன் சீட்டு வாங்கி வைத்திருப்பவர். என் கணவருக்கு இவ்விஷயத்தில் குரு அவர்தான். குருவின் உபதேசம் சுருக்கமானது: இந்த அணியை நம்புவது பாவமில்லை, ஆனால் உடம்புக்கு ஆகாது. தேசியப் பட்டத்தை முடிவு செய்யும், ஓமஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்கு ஓல் மிஸ் 1972க்குப் பிறகு 2014இல் ஒரே ஒருமுறைதான் போயிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வாசல்படி வரை வந்து திரும்பிய கதைகளைப் பெரியவர் தேதி வாரியாகச் சொல்லுவார். அவற்றைக் கேட்ட பின் இரவில் என் கணவருக்குத் தூக்கம் வராது.

மே மாதத்தில் அணி திடீரென்று ஆடத் தொடங்கியது. மிசௌரியை மூன்று ஆட்டங்களிலும் வென்றது; பேட்டன் ரூஜுக்கே போய் எல்.எஸ்.யு. என்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியை மூன்றிலும் வென்றது. என் கணவர் இவை எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள மறுத்தார். ஏமாறுவதற்கு முன்னால் இப்படித்தான் கொஞ்சம் சர்க்கரை தருவார்கள் என்பது அவர் வாதம். அவர் சொன்னபடியே அலபாமாவின் ஹூவர் நகரில் நடந்த லீக் கோப்பைப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே வாண்டர்பில்ட்டிடம் 3-1 என்று தோற்று அணி வீடு திரும்பியது. அன்றிரவு அவர் முகத்தில் நான் கண்டது துயரமன்று, ஒருவித நிம்மதி. இனி நம்ப வேண்டிய தேவை இல்லை அல்லவா!

மே 30ஆம் தேதி தேசியப் போட்டிக்கான 64 அணிகளின் பட்டியலைத் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். தாம் பார்க்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டு, அவர் தொலைக்காட்சிக்கு எதிரேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரே சட்டையை நான்கு முறை மடித்த பின், முதல் சுற்றுக்காக ஃப்ளோரிடாவின் கோரல் கேபிள்ஸில் ஆடும் நான்கு அணிகளுள் மூன்றாவதாக ஓல் மிஸ் பெயர் வந்தது. தேர்வுக்குழு கடைசியாகச் சேர்த்த அணி இதுதான் என்பது பின்னர் தெரியவந்தது. வெளியே நிறுத்தப்பட்ட நார்த் கரோலைனா ஸ்டேட் ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான் என்று என் கணவரும் முதல் நாள் ஒப்புக்கொண்டார். இரண்டாம் நாளிலிருந்து ஒப்புக்கொள்ளவில்லை.

நம்பிக்கை எப்போது முளைத்தது என்று கேட்டால், ஜூன் 5ஆம் தேதி மயாமியை 2-1 என்று வென்ற ஆட்டத்தில் என்றுதான் சொல்வேன். அதற்கு முன் அரிசோனாவை 7-4 என்று வென்றதை அவர் தற்செயல் என்று ஒதுக்கிவிட்டார். மயாமி, போட்டியை நடத்தும் அணி. நாட்டின் ஆறாம் தரவரிசை அணி. அந்த ஆட்டத்தின் நடுவே, இரவுக்குத் தோசையா சப்பாத்தியா என்று கேட்பதற்காக நான் கூடத்துக்குள் நுழைந்த கணத்தில் மயாமி ஒரு ரன் எடுத்தது. அந்த ஆட்டம் முழுவதிலும் அவர்கள் எடுத்த ஒரே ரன் அது. என் கணவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், பொருளியல் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருத்தி அபசகுனமாக மாறியதை நான் உணர்ந்தேன்.

"நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆட்டம் முடியும்வரை கூடத்துக்குள் வராமல் இருக்க முடியுமா?"

"ஏங்க, அது ஃப்ளோரிடாவில் நடக்கிறது."

"எனக்கும் தெரியும். ஆனாலும் வராதே."

மறுநாள் நான் வரவில்லை. அரிசோனாவை 22-6 என்று நொறுக்கினார்கள். அணித்தலைவர் டிம் எல்கோ மட்டும் மூன்று ஹோம் ரன் அடித்தார். முந்தைய ஆண்டு முழங்காலின் தசைநார் கிழிந்த நிலையிலும் களத்தில் இறங்கி ஆடிய மனிதர் எல்கோ. ஆனாலும் எங்கள் வீட்டில் அந்த வெற்றியின் பெருமை எல்கோவுக்கும், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த எனக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது.

அடுத்த சுற்று மிசிசிப்பி மாநிலத்துக்குள்ளேயே, ஹாட்டிஸ்பர்க் நகரில், சதர்ன் மிஸ் அணிக்கு எதிராக நடந்தது. மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவர் ஓமஹா போகலாம். முதல் ஆட்டம் 10-0. இரண்டாம் ஆட்டம் 5-0. முதலாவதில் டிலன் டிலூசியாவும் இரண்டாவதில் முதலாம் ஆண்டு மாணவரான ஹண்டர் எலியட்டும் பந்து வீசினார்கள் என்பது செய்தித்தாள்கள் தந்த விளக்கம். பதினெட்டு இன்னிங்ஸிலும் எதிரணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை, பதினெட்டு இன்னிங்ஸிலும் நான் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை என்பது என் கணவர் தந்த விளக்கம். ஆய்வகத்தில், போதிய சோதனைகள் இல்லாமல் முடிவுக்கு வரக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மனிதர் இவர்.

இதில் எனக்கு நட்டமொன்றும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் அறையை விட்டு வெளியே வந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில், திருமணமான நாளிலிருந்து வெந்நீர்கூட வைத்துத் தராதவர், இன்னிங்ஸுக்கும் இன்னிங்ஸுக்கும் இடையில் காபி போட்டுக் கொண்டுவந்து கதவருகே வைத்துவிட்டுப் போனார். காபி சுமார்தான். ஆனால் இந்த அணி இன்னும் கொஞ்ச நாள் வென்றுகொண்டிருந்தால் நல்லது என்று அப்போதுதான் எனக்கும் தோன்றத் தொடங்கியது.

அணி நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹாவுக்குப் போனதும் ஊர் காலியாகிவிட்டது. நம்பினால் உடம்புக்கு ஆகாது என்று சொன்ன பெரியவர், ஏறத்தாழ பத்து மணி நேரம் காரோட்டி முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே மைதானத்துக்கு எதிரே உள்ள ராக்கோஸ் என்ற மதுக்கடையில், மது கலந்த ஜெல்லிக் கோப்பைகளை எந்த அணியின் ரசிகர்கள் அதிகம் வாங்குகிறார்கள் என்று பலகையில் எழுதிப் போடுகிறார்கள். ஓல் மிஸ் ரசிகர்கள் அந்த ஆண்டு 18,777 வாங்கி, அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கையை எட்டினார்கள். வீட்டில் ஒருவர் காபி போடக் கற்றுக்கொண்டதைத் தவிர, அந்த வெற்றிப் பயணத்தில் சமூகத்துக்கு விளைந்த நன்மைகளுள் இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் எனக்குக் குழப்பம் உண்டு.

ஆபர்னை 5-1 என்று வென்றார்கள். ஆர்கன்சாவை 13-5 என்று வென்றார்கள். அந்த ஐந்து ரன் எப்படிப் போயிற்று என்று விசாரணை நடந்தது. பார்சல் வாங்குவதற்காக நான் வாசலுக்குப் போனதும், வாசலுக்குப் போகும் வழி கூடத்தின் ஓரமாகத்தான் செல்கிறது என்பதும் பதிவு செய்யப்பட்டன. 13 ரன் எடுத்திருந்ததால் மன்னிப்புக் கிடைத்தது.

சோதனை ஜூன் 22ஆம் தேதி வந்தது. அன்று ஒரு தோழியின் வளைகாப்புக்காக நான் வீட்டிலேயே இல்லை. ஆர்கன்சாவிடம் 3-2 என்று, ஒரே ரன்னில், அணி தோற்றது. கொள்கையின்படி பார்த்தால் நான் கூடத்தில் இல்லாதபோது தோற்கவே கூடாது. வேறொருவராக இருந்தால் அங்கேயே தம் கொள்கையைக் கைவிட்டிருப்பார். என் கணவர் அன்றிரவு வெகுநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, திருத்தப்பட்ட விதியை அறிவித்தார்: நான் கூடத்துக்கு வெளியே இருக்க வேண்டும், ஆனால் வீட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும்.

இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம் என்பதால் இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. மறுநாள் வென்றால் இறுதிப்போட்டி, தோற்றால் ஊர் திரும்ப வேண்டியதுதான். நான் விதிப்படி வீட்டுக்கு உள்ளேயும் கூடத்துக்கு வெளியேயும் இருந்தேன். டிலூசியா ஒன்பது இன்னிங்ஸையும் தாமே வீசி, எதிரணி நான்கே முறை பந்தை அடித்து பேஸ் சேரவிட்டு, தவறான வீச்சுகளால் ஒருவரைக்கூட முதல் பேஸுக்குச் சும்மா நடக்கவிடாமல் 2-0 என்று ஆட்டத்தை முடித்தார். பந்து வீச்சாளர்களை அடிக்கடி மாற்றும் இக்காலத்தில் அது அரிய சாதனை. எங்கள் வீட்டிலோ அது விதியின் இறுதி நிரூபணமாகக் கொள்ளப்பட்டது. அதே விதியின் கீழ், இறுதிப்போட்டியின் முதல் ஆட்டத்தில் மெக்கான்ட்ஸ், ஹாரிஸ், பெஞ்ச் ஆகிய மூவரும் எட்டாவது இன்னிங்ஸில் அடுத்தடுத்து ஹோம் ரன் அடிக்க, ஓக்லஹோமாவை 10-3 என்று வென்றார்கள்.

இதற்கிடையில் ஊரிலிருந்து அத்தை தொலைபேசியில் அழைத்து, மகன் குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "இவன் ஆடலையே, பார்க்கிறான்தானே?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இருந்தாலும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பதாகச் சொன்னார். எந்த அணிக்காக என்று பிள்ளையாரிடம் தெளிவாகச் சொல்லும்படி அவர் மகன் பின்னாலிருந்து கத்தினார்.

ஜூன் 26, ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் ஆட்டத்தில் ஓக்லஹோமா 2-1 என்று முன்னால் இருந்தது. எட்டாவது இன்னிங்ஸ் வந்துவிட்டது. அறைக்குள் என் காபி வெகுநேரமாக வரவில்லை. கூப்பிட்டும் பதில் இல்லாததால் நானே தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வந்து நின்ற இடம் கூடத்தின் நிலைப்படி. என் கணவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். அதே நேரத்தில் ஜேக்கப் கொன்சாலஸ் அடித்த பந்து வெளித் திடலில் போய் விழ, ஆட்டம் சமநிலைக்கு வந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

"நகராதே! அங்கேயே நில்லு!"

"ஏங்க, வரக் கூடாது என்று நீங்கள்தானே..."

"அதெல்லாம் போன இன்னிங்ஸ்."

நான் காலி தம்ளரோடு நிலைப்படியிலேயே நின்றேன். ஓக்லஹோமா வீச்சாளர் வீசிய பந்து, பிடிப்பவரின் கைக்குள் அடங்காமல் தரையில் பட்டுத் தப்பி ஓடியது. மூன்றாம் பேஸில் இருந்தவர் ஓடிவந்து ரன் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பந்து அதே மாதிரி தப்பியது. இன்னொரு ரன் வந்தது. கிரிக்கெட்டில் பை ரன்னால் உலகக் கோப்பையை வென்றால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட இரண்டு ரன்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் பிராண்டன் ஜான்சன் மூன்று பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தபோது எனக்குக் கால் வலித்தது. ஆனால் பல்கலைக்கழக வரலாற்றில் முதல் பேஸ்பால் தேசியப் பட்டம் என்னால் தடைபட்டது என்ற பழியைச் சுமந்துகொண்டு அந்த ஊரில் குடியிருக்க முடியாது என்பதால் அசையவில்லை.

ஓமஹாவிலிருந்து பெரியவர் அழைத்து, பிப்ரவரியிலேயே இது தமக்குத் தெரியும் என்றார். என் கணவர், தமக்கு மே மாதத்தில் தெரியும் என்றார். பயிற்சியாளருக்குச் சிலை வைப்பதென்றால் எந்த இடம் பொருத்தமாக இருக்கும் என்பதை இருவரும் அரைமணி நேரம் விவாதித்தார்கள். ஆறிய சாம்பாருக்கு முன்னால் கேட்ட காரணங்களை நான் நினைவூட்டியபோது, அவை ஆக்கபூர்வமான விமர்சனம் என்று விளக்கம் தரப்பட்டது.

2023இல் அதே அணி எஸ்.ஈ.சி. லீக்கில் 6 வெற்றி, 24 தோல்வி என்று கடைசி இடத்தில் முடித்தது. என் கணவர் மே மாதம் முழுவதும் கலங்கவே இல்லை. சென்ற ஆண்டும் இப்படித்தான் இருந்தோம் என்று புன்னகையோடு சொல்லிக்கொண்டிருந்தார். ஹூவர் போட்டிக்குக்கூட அணி தகுதி பெறவில்லை என்ற செய்தி வந்த அன்று, இனியாவது தெளிவார் என்று எண்ணி அவர் எதிரில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சென்ற ஆண்டு ஹூவருக்குப் போய்த் தோற்றோம், இந்த ஆண்டு அந்தத் தோல்வியும் மிச்சம் என்றார்.