காரைக்குடியிலிருந்து லங்காவிக்கு ஓர் ஆயில் சீல்

செக்காலைச் சாலைக்குப் பக்கத்தில் பேரிங், ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையம்), பெல்ட் விற்கிற சிறிய கடை என்னுடையது. டிராக்டர்காரர்கள், அரிசி ஆலைக்காரர்கள், போர்வெல் வண்டிக்காரர்கள்தான் வாடிக்கை. சில காலமாக ஒரு பாய்மரப் படகும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அது நிற்பது மலேசியாவின் லங்காவியில். சொந்தக்காரன் என் ஆச்சியின், அதாவது அக்காவின், மகன். கோலாலம்பூர் வேலையை விட்டுவிட்டு, பழைய 36 அடிப் படகு ஒன்றை வாங்கி, மனைவியோடு அதிலேயே குடியிருக்கிறான். கடல் கடந்து கொண்டுவிற்கப் போன வியாபாரக் குடும்பத்தில் கப்பலிலேயே தங்கிவிட்டவன் இவன் ஒருவன்தான்.

"பாய் இருக்கிறதே, இன்ஜின் எதற்கு?" என்று ஆச்சி இன்னும் கேட்கிறார்கள். மலாக்கா நீரிணையில் காற்று இல்லாத நாட்களே அதிகம். துறைக்குள் நுழைவதற்கும், நங்கூரத்தைத் தூக்குவதற்கும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கும் அந்த மூன்று சிலிண்டர் டீசலைத்தான் நம்ப வேண்டும்.

முதலில் வந்த அழைப்பு, இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுத்துக் கொடுக்கிற பம்பைப் பற்றியது. "அம்மான், பம்பு ஒழுகுகிறது. முழுப் பம்பையும் மாற்ற வேண்டும் என்கிறார் ஏஜென்ட். இங்கே கையிருப்பு இல்லை, ஜப்பானிலிருந்து வரவேண்டுமாம்." விலையைச் சொன்னான். அந்தப் பணத்துக்கு இங்கே நல்ல நீர்மூழ்கி மோட்டார் ஒன்றைக் கிணற்றில் இறக்கிவிடலாம்.

பம்பைக் கழற்றிப் படம் அனுப்பச் சொன்னேன். பேரிங் வளையத்தில் 6203 என்று பொறித்திருந்தது. என் தொழிலில் இருப்பவனுக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை. உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். ஜப்பானில் செய்தாலும் புனேயில் செய்தாலும் இந்த அளவு மாறாது. வாஷிங் மெஷினுக்கும் இதைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள். என் கடையில் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதே பேரிங்கை இன்ஜின் கம்பெனி தன் பெட்டியில் போட்டு, தன் பார்ட் நம்பரை ஒட்டினால் விலை பல மடங்காகிறது.

இதை வெறும் கொள்ளை என்று சொல்லிவிட்டுப் போக வியாபாரியான எனக்கு மனம் வரவில்லை. உற்பத்தி நின்றுபோன இன்ஜினுக்குப் பல ஆண்டுகள் சாமான் வைத்துக் காத்திருப்பதற்கும் செலவு உண்டு. என் அலமாரியிலும் தூங்குகிற சீல்கள் இருக்கின்றன. முடங்கிய முதலுக்கு வட்டி யார் கொடுப்பது? ஆனாலும் 6203 தூங்குகிற சரக்கு அல்ல. அதற்கு அந்த விலை நியாயமே இல்லை.

ஆயில் சீலும் அப்படித்தான். தண்டின் விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண் தெரிந்தால் போதும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. டிராக்டருக்குப் போடுகிற சீலின் உதட்டுக்குப் பின்னால் உள்ள சுருள் கம்பி சாதாரண எஃகு. எண்ணெயில் அது பல காலம் உழைக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் துருப்பிடித்து அறுந்துவிடும். துருப்பிடிக்காத கம்பி போட்ட சீல் என் கடையில் இல்லை. சென்னைக்குச் சொல்லி வரவழைத்தேன்.

அன்றிலிருந்து அவனுக்கு நான் சொல்வது இதுதான். உன் இன்ஜினில் இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. எண்ணெயும் டீசலும் ஓடுகிற பக்கம் நிலத்துக்குச் சொந்தம். ஃபில்டர், பெல்ட், பேரிங், நாசில் எல்லாவற்றுக்கும் டிராக்டரிலோ ஜெனரேட்டரிலோ உறவுக்காரன் இருப்பான். கடல்நீர் ஓடுகிற பக்கத்துக்குத்தான் கரையில் உறவே கிடையாது. படகு இன்ஜின்கள் பெரும்பாலும் மானம் போக்குவதும் அந்தப் பக்கத்தில்தான்.

அந்தப் பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. நம்மூர் லேத்தில் கடைந்து கொடுக்கலாம் என்று பட்டறைக்குப் போனேன். கைவேலையில் குறை சொல்ல முடியாத டர்னர். "எவர்சில்வர்தானே அண்ணே" என்று 202 ரகக் கம்பியைக் கையில் எடுத்தார். சம்புடத்துக்கு அது போதும். கடலுக்கு மாலிப்டினம் கலந்த 316 வேண்டும். அடுத்து, தண்டு சுழல்கிற புஷ்ஷுக்குப் பித்தளை போடலாமா என்றார். செட்டிநாட்டில் பித்தளை மேல் எல்லோருக்கும் ஒரு பிரியம். ஆனால் உப்புத் தண்ணீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மெல்ல உறிஞ்சிவிடும். உருவம் அப்படியே நிற்கும், பலம் போயிருக்கும். அந்த இடத்துக்கு வெண்கலம்தான்.

அதேபோல், இன்ஜின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றுகிற ஹீட் எக்ஸ்சேஞ்சரில் செருகுகிற துத்தநாகக் கட்டை. இன்ஜின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைந்து போவதற்காகவே அதை வைக்கிறார்கள். துத்தநாகக் கம்பியை வாங்கி நாமே கடைந்துகொள்ளலாமே என்று மருமகன் கேட்டான். இந்தக் கேள்விக்குக் காரைக்குடியில் ஆள் தேட வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இங்கேதான் இருக்கிறது. துருப்பிடித்தலை ஆராய்வது அவர்களுடைய முக்கிய வேலைகளில் ஒன்று. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் என் வாடிக்கையாளர். கடைந்துகொள்ளலாம், ஆனால் துத்தநாகத்தில் இரும்பு 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மேலே ஒரு படலம் படிந்து கட்டை கரையாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் என்றார். அந்தச் சுத்தத்துக்குச் சான்றிதழ் காட்டுகிற பழைய இரும்புக் கடைக்காரர் யாரும் எனக்குத் தெரியாது. தயாராக விற்பதையே வாங்கச் சொல்லிவிட்டேன்.

முணுமுணுக்காமல் ஒரிஜினல் விலை கொடுக்க வேண்டியவையும் உண்டு. சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் அதில் ஒன்று. சைலன்ஸர் புகையும் கடல்நீரும் சந்திக்கிற வளைகுழாயான எக்ஸாஸ்ட் எல்போ இன்னொன்று. வார்ப்பிரும்பு எல்போ உள்ளே கரியும் உப்பும் அடைத்து, வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே வரும். ஓட்டை விழுந்து தண்ணீர் பின்னால் சிலிண்டருக்குள் போய்விட்டால் இன்ஜினே போயிற்று. நூற்றுக்கணக்கான டாலர் சொல்கிறார்கள். அதிகம்தான், ஆனாலும் வாங்கு என்றேன். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் விஷயத்தில் டீசல் படகுக்காரர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, வண்டிச் சாமானை வைத்துச் சமாளிக்கலாம். பெட்ரோல் இன்ஜின் படகில் மட்டும் கார் ஸ்டார்ட்டரை மாட்டவே கூடாது. படகின் அடியில் தங்குகிற பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

சாமானை அனுப்புவது தனி வித்தை. லங்காவி 1987 முதல் தீர்வையில்லாத் தீவு என்பதால் அங்கே சுங்கத் தொல்லை குறைவு. வேறு பல நாடுகளிலும், பயணத்தில் இருக்கும் படகுக்கான உதிரிபாகம் என்று பில்லில் படகின் பெயரோடு எழுதினால் தீர்வையிலிருந்து தப்ப வழியிருக்கிறது. ஆனால் அதை நடத்திக் கொடுக்கிற ஏஜென்டின் கூலி சில நேரம் சீலின் விலையைத் தாண்டிவிடும். எங்களுக்கு இருக்கிற சௌகரியம் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம். தைப்பூசத்துக்குப் பினாங்கில் வெள்ளி ரதம் பார்க்கப் போகிற உறவினர் பெட்டியில் சீப்புச் சீடைக்கு அடியில் பேரிங் போகும். பாய்மரக்காரர்கள் வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்து மேற்கே இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் புறப்படுவதும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில்தான் என்பதால் காலமும் பொருந்திவிடுகிறது.

இப்போது அவனுக்கு இன்ஜினையே மாற்றுகிற யோசனை வந்திருக்கிறது. மீன்பிடித் துறையான கோட்டைப்பட்டினத்தை நான் உதாரணம் காட்டினேன். அங்கே விசைப்படகுகளில் லேலண்ட் லாரி இன்ஜினைப் போடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், அறந்தாங்கியிலேயே சாமான் கிடைக்கும் என்பார்கள். பாய்மரப் படகுக்கு அத்தனை பெரிய இன்ஜின் ஆகாது. ஆனால் பீட்டா மரைன், நானி போன்ற கம்பெனிகள் குபோட்டா இன்ஜினை எடுத்துக் கடலுக்கு ஏற்றபடி மாற்றித் தருபவை. குபோட்டாவின் அறுவடை இயந்திரம் தஞ்சாவூர் வயலில் ஓடுகிறது. பழைய பெர்கின்ஸ் இன்ஜின் கிடைத்தாலும் பாதகமில்லை. சென்னையில் சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் உரிமத்தில் இன்ஜின் செய்த வழியில் வந்த டிராக்டர்கள் இங்கே தெருவுக்குத் தெரு நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் போடுகிற 296 டீசல் ஃபில்டர்தான் படகு பெர்கின்ஸுக்கும். அதை நான் அட்டைப்பெட்டி கணக்கில் விற்கிறேன்.

பெர்கின்ஸ் கனம் அதிகம், படகின் வால் தாழ்ந்துவிடும் என்கிறான். குபோட்டா அடிப்படை இன்ஜின் என்றால், இன்ஜின் உட்காருகிற படுக்கையை வெட்டி மாற்ற வேண்டுமாம். அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். தாங்கும் போல்ட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் அதில் சரியாகத் தெரியவில்லை. வெளிச்சத்தில் இன்னொன்று எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.