ஒரிஜினலைக் குடுத்துட்டு அலைஞ்ச கதை

2024ல தம்பிய பிபிஏ சேக்கப் போயி நான் பட்ட பாடு, இப்ப நெனச்சாலும் எரியுது.

மே 6 ரிசல்ட், அந்த வாரமே ரெண்டு காலேஜ்ல அப்ளிகேஷன் போட்டாச்சு. ஒண்ணு பாளையங்கோட்டைல பழைய அட்டானமஸ் காலேஜ், கொஸ்டின் பேப்பர் அவங்களே போட்டுக்கிடுவாங்க, டிகிரி மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டி குடுக்கும். இன்னொண்ணு பைபாஸ் பக்கம் புதுசு, பிபிஏ லாஜிஸ்டிக்ஸ், காலேஜ் பஸ் அம்பாசமுத்திரத்துக்கே வரும். அம்மா பஸ்ஸுலயே விழுந்துட்டாவ.

பாளையங்கோட்டை லிஸ்ட் வரதுக்குள்ள பைபாஸ்காரங்க போன் மேல போன், ரெண்டு நாள்ல கட்டலைன்னா சீட் போயிரும்னு. அப்பா பயந்து போய் மொத டெர்ம் ஃபீஸையும் கட்டி டிசி, மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலாவே குடுத்துட்டு வந்துட்டாவ. கைல ஒரு துண்டுச் சீட்டு.

அதுக்கப்புறம்தான் நான் போய்ப் பாத்தேன். பிளேஸ்மெண்ட் போர்டுல இருந்த போட்டோல பாதி அதே டிரஸ்ட்டோட இஞ்சினியரிங் பசங்க. அந்த வருஷத்துலருந்து பிபிஏவும் ஏஐசிடிஇ (இஞ்சினியரிங் காலேஜுக்கெல்லாம் அனுமதி குடுக்குற மத்திய கவுன்சில்) கீழ வந்துட்டுல்லா, அப்ரூவல் லெட்டர் காட்டுங்கன்னேன், "வந்துரும்மா"ன்னாங்க. பாளையங்கோட்டைல கேட்டதும் எடுத்து நீட்டிட்டாங்க. அங்க வாசல் டீக்கடைல ஒரு தேர்ட் இயர் பையன், "அட்டெண்டன்ஸ்ல உயிர எடுப்பாங்கக்கா, ஆனா கிளாஸ் ஒழுங்கா நடக்கும்"னான். எனக்கு அது போதும்.

லிஸ்ட்ல தம்பி பேரும் வந்துட்டு, வெள்ளிக்கிழமை 4 மணிக்குள்ள டிசியோட வரணும். பைபாஸ் காலேஜுக்கு மொத நாள் போனா பிரின்சிபால் லீவு. மறுநாள் போனா, "மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க"ங்கான் அந்த கிளார்க், தலைய நிமித்தாம. அப்பா முகம் செத்துப் போச்சு.

ராத்திரி உக்காந்து தேடுனா, ஒரிஜினல சரிபாத்துட்டு உடனே திருப்பித் தரணும், வச்சிக்கிடக் கூடாதுன்னு யுஜிசி (யுனிவர்சிட்டி, காலேஜுக்கெல்லாம் மேல இருக்க மத்திய அமைப்பு) 2018லயே சொல்லியிருக்கு. 2024 செப்டம்பர் 30க்குள்ள கேன்சல் பண்ணா ஃபீஸ் முழுசா திரும்பத் தரணும்னும் இருக்கு. ரெண்டையும் பிரிண்ட் எடுத்து, கேன்சலேஷன் லெட்டர் ரெண்டு காப்பி எழுதி, வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் மேசைல வச்சு, "ஒரு காப்பில சீல் போட்டுக் குடுங்க, யுஜிசிக்கு அனுப்பணும்"னேன். வாயால எவ்வளவு கேட்டாலும் அசைய மாட்டாங்க, சீல் கேட்டாத்தான் எந்திரிப்பாங்க. அரை மணி நேரத்துல டிசி வந்துட்டு. பணம் ஆகஸ்ட் கடைசிலதான் வந்துச்சு, அதுலயும் ஆயிரம் ரூவா கொறையுது, அதுக்கு இன்னும் பதில் இல்ல.

நீங்க சேக்கப் போனா ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, ஒரிஜினல காட்டிட்டு கைலயே வச்சிக்கிடுங்க. துண்டுச் சீட்டெல்லாம் ஆகாது, நம்பர் போட்ட ரசீது வாங்குங்க. (பாளையங்கோட்டைலயும் டிசிய வாங்கி வச்சிக்கிடத்தான் செஞ்சாங்க, அது வேற கத.)

அந்த வெள்ளிக்கிழமை வண்ணாரப்பேட்டை டிராஃபிக்ல ஆட்டோ நின்னு நின்னு, பாளையங்கோட்டை காலேஜ் உள்ள போகும்போது மணி 3:40. டிசி மூலைல செவப்பு மைல பைபாஸ் காலேஜ் அட்மிஷன் நம்பர் கெடக்கு. ஆபீஸ் அண்ணாச்சி அதப் பாத்துட்டு சிரிக்காவ.

"அங்க போயிட்டு வாரியளா? இன்னைக்கு இது நாலாவது டிசிம்மா."