கார்ட் வந்தது, படம் வரவில்லை

கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை வாங்கி, கணினியில் மாட்டி, சிமுலேட்டரில் விமானம் ஒன்றைத் தரையிலிருந்து கிளப்ப எனக்கு 23 நாள் பிடித்தது. மாட்டுகிற வேலை பத்து நிமிடம்தான். மிச்சமெல்லாம் பஸ்ஸில் போனது. களுவாஞ்சிக்குடியிலிருந்து வடக்கே மட்டக்களப்பு, தெற்கே கல்முனை என்று மாறி மாறி அலைந்ததில், கண்டக்டர்மாருக்கே என் கையிலிருந்த அட்டைப் பெட்டி பழகிவிட்டது.

என்னிடம் இருப்பது ஏதோ ஒரு கம்பனி கழித்துவிட்ட அலுவலகக் கணினி. ஐ5-4590 செயலி (சிபியு), 16 ஜிபி ரேம், 2 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்ட். ஓட்டுவது எக்ஸ்-பிளேன் 11 என்ற விமானச் சிமுலேட்டர். மைக்ரோசொஃப்டின் சிமுலேட்டர் பறக்கும்போதே நிலத்தோற்றத்தை இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும். என் டேட்டா பக்கேஜ் இரண்டு நாள் தாங்காது. எக்ஸ்-பிளேனில் அந்தத் தொல்லை இல்லை.

பழைய கார்ட்டோடு நிம்மதியாகத்தான் இருந்தேன். ஓர்த்தோ4எக்ஸ்பி என்ற மென்பொருள் வந்து கெடுத்தது. செயற்கைக்கோள் படங்களை எடுத்து, எக்ஸ்-பிளேனுக்கு ஏற்ற நிலமாக விரித்துத் தரும். நம்முடைய பக்கம் +07+081 என்ற சதுரத்துக்குள் வருகிறது. அதை இறக்கிப் பார்த்தால், வாவி அப்படியே கிடக்கிறது, படுவான்கரை வயல்கள் தெரிகின்றன, கல்லடிப் பாலம் கூட மெல்லிய கோடாகத் தெரிகிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் மட்டும் வெள்ளையாக, பாலில் நனைத்த துணி மாதிரி மங்கிக் கிடந்தது. 2 ஜிபி நிரம்பிவிட்டால் எக்ஸ்-பிளேன் படங்களின் தரத்தைக் குறைத்துவிடும் என்பது தெரியும். ஆக, குற்றம் கார்ட்டில்தான் என்று முடிவு கட்டினேன். வேகமும் வினாடிக்கு 14 படம். 20க்குக் கீழே இறங்கினால் எக்ஸ்-பிளேன் நேரத்தையே மெதுவாக்கும். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்திலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 120 கடல் மைல். செஸ்னா என்ற சின்ன விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். என் கணினியில் அது ஒன்றரை மணி நேரத்தையும் தாண்டும்.

நான் சரியாகச் செய்த ஒரே காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எதுவும் இருக்காது. எக்ஸ்-பிளேனின் டேட்டா அவுட்புட் பக்கத்தில் பிரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை படம்) வரியைத் திரையில் காட்டச் சொன்னால், ஒவ்வொரு படத்துக்கும் செயலி எடுக்கும் சிபியு நேரம், கிராபிக்ஸ் கார்ட் எடுக்கும் ஜிபியு நேரம் இரண்டும் தனித்தனியாக வரும். எது கூடவோ அதுதான் இழுத்துப் பிடிக்கிறது. எனக்கு ஜிபியு நேரம் மற்றதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதைப் பார்க்காமல் யாரும் காசை எடுக்காதீர்கள்.

மட்டக்களப்பில் ஒரு கடையில் பாவித்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 6 ஜிபி இருந்தது. 48,000 ரூபா. எதேரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டெம்பரில் கிராபிக்ஸ் கார்ட்களைக் கைவிட்ட பிறகு இரவு பகலாக உழைத்துக் களைத்த கார்ட்கள் சந்தையில் குவிந்தன. இதுவும் அதில் ஒன்றாக இருக்கலாம். அதனால் ஜிபியு-இசட் என்ற சோதனை மென்பொருளில் போட்டுப் பார்த்தேன் (போலிக் கார்ட் என்றால் அதுவே காட்டிக்கொடுக்கும்), கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, விசிறிச் சத்தம் கேட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது. கடையின் மேசையில் புது மொனிட்டரும் புது பவர் சப்ளையும் இருந்தன என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

"தம்பி, என்ர பவர் சப்ளை 290 வாட். காணுமா?"

"காணாது சேர். 550 ஒண்டு எடுங்க. எல்லா மதர்போட்டுக்கும் போகும்."

அந்த 'எல்லா' என்ற சொல்லுக்கு நான் கொடுத்த விலை 16,500 ரூபா.

வீட்டில் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஸ்குரூக்கள் உப்புக்காற்றில் துருவேறி, இரண்டை இடுக்கியால் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. உள்ளே மூலையில் இரண்டு பல்லி முட்டை. பழைய பவர் சப்ளையைக் கழற்றிய பிறகுதான் பார்க்கிறேன், மதர்போட்டின் பிரதான மின்வாயில் 8 துளைதான் இருக்கிறது. புதுசில் தொங்குவது 24 துளை உள்ள அகன்ற முனை. சில நிறுவனங்கள் அலுவலகக் கணினிகளைத் தங்கள் இஷ்டப்படி செய்வார்களாம். எனக்கு இது அன்றைக்குத்தான் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புது பவர் சப்ளையிலும் 8 பின் முனைகள் இருக்கும். ஒன்று 4+4 ஆகப் பிரியும், அது சிபியுவுக்கு. மற்றது 6+2 ஆகப் பிரியும். அது கிராபிக்ஸ் கார்ட்டுக்கு. பிரதான வாயும் 8, கையிலிருப்பதும் 8 என்று நான் ஒன்றை அழுத்தப் போனேன். துளைகளின் வடிவம் ஒத்துவராததால் போகவில்லை. போகாதது என் அதிர்ஷ்டம். போகாத முனையைப் பலம் போட்டு அழுத்தாதீர்கள்.

மறுநாள் போனில் படம் எடுத்துக்கொண்டு திரும்பவும் மட்டக்களப்பு. தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இப்பிடி மதர்போட் வாறதே இல்ல சேர்" என்றார். படத்தில் இருப்பதை இல்லை என்கிறவரிடம் என்ன பேசுவது? முதலாளி வந்தார். பவர் சப்ளையைத் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டேன். பற்றுச்சீட்டைத் திருப்பி, அடியில் சின்ன எழுத்தில் இருந்ததை விரலால் தட்டிக் காட்டினார்: பெட்டி உடைத்த சாமான் மீளப் பெறப்படாது. சரி, வழி? "மதர்போட்டையும் மாத்துங்க சேர்." புது மதர்போட் என்றால் சிபியு, ரேம் எல்லாம் மாற வேண்டும். அதைவிட மலிவாக இன்னொரு யோசனையும் தந்தார்: 600 ரூபாவுக்கு ஒரு வயர், ஹாட் டிஸ்க்குக்குப் போகிற சாட்டா மின்முனையிலிருந்து கார்ட்டின் 8 பின்னுக்கு. பழைய 290 வாட்டிலேயே ஓட்டலாமாம்.

அந்த வயரை வாங்காதீர்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தரக்கூடியது 54 வாட் அளவுதான். கார்ட்டின் 8 பின் வாய் 150 வாட் வரை கேட்கலாம். முதலில் பிளாஸ்டிக் உருகும், பிறகு என்ன உருகும் என்று சொல்ல முடியாது. நான் வாங்கவில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறினேன். ஆரையம்பதி தாண்டும் வரை மனசு ஆறவில்லை.

கல்முனையில் ஒரு சின்னக் கடை. பாதிக் கடை போன் கவர், மீதி பழைய மதர்போட் குவியல். காக்கா (அண்ணன்) ஒருவர் ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். இரண்டு வினாடிதான் பார்த்திருப்பார்.

"இதுக்கு 24க்கு 8 கன்வேட்டர் வயர் இரிக்கு. எங்கிட்ட இல்ல. கொழும்பில இருந்து எடுப்பிச்சுத் தாறன். அவசரமில்லயே?"

அவசரம்தான். ஆனாலும் இல்லை என்றேன். 1,800 ரூபா, முற்பணம் கேட்கவில்லை. ஒன்பது நாளில் சொன்னபடி இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. இத்தனை நாளும் கார்ட் அலுமாரி மேல் பெட்டியோடு இருந்தது. தூசு துடைக்கும்போதெல்லாம் மனைவி அதை ஒரு பார்வை பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

வயரைப் போட்டேன், கணினி எழும்பியது, கார்ட்டின் விசிறி சுற்றியது. அப்போதுதான் கார்ட்டின் பின்பக்கம் மொனிட்டர் கேபிளை வைத்துப் பார்த்தேன். என் மொனிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை வாய் மட்டும்தான். பழைய 750 டிஐயில் விஜிஏ வாய் இருந்தது. புதுசில் எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட், டிவிஐ. இது கடைக்காரர் குற்றமில்லை, என்னுடைய குற்றம். 48,000 கொடுத்து வாங்கும்போது பின்பக்கத்தைப் பார்க்காத ஆளை என்ன செய்வது?

மட்டக்களப்புக்கு வேறு அலுவலாகப் போனபோது அதே தம்பியிடம் கேட்டேன். டிவிஐயை விஜிஏ ஆக்கும் சின்ன மூக்கொன்றைத் தந்தார், 450 ரூபா. வீட்டில் வந்து பார்த்தால் அது வாய்க்குள் போகவில்லை. டிவிஐ முனையில் ஒரு தட்டைத் தகடு இருக்கும். அந்தத் தகட்டைச் சுற்றி இந்த மூக்கில் நான்கு ஊசி. கார்ட்டின் வாயிலோ தகட்டுக்கு மட்டும்தான் இடம், ஊசிக்குத் துளையே கிடையாது. அந்த நான்கு ஊசிதான் விஜிஏக்கு வேண்டிய அனலொக் சமிக்ஞையைக் கொண்டுவருவது. இந்தக் காலத்துக் கார்ட்களில் அது இல்லை. உங்களுக்கு வேண்டியது உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ–விஜிஏ மாற்றி. அதுவும் காக்காவின் கடையில்தான் கிடைத்தது, அவர் மேசை லாச்சியிலிருந்து. காசு எடுக்க மாட்டேன் என்றார், நான்தான் பிடிவாதமாகக் கொடுத்தேன்.

பழைய டிரைவரைத் துடைத்துப் புதியதைப் போட்டது ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம். சிக்கல் இல்லை.

பலன்? மட்டக்களப்பு வானில் 14 இருந்தது 41 ஆனது. கொழும்பின் மேல் 26தான். காரணம் இப்போது சிபியு நேரம் முந்திக்கொண்டது. 2014ஆம் ஆண்டு ஐ5 அதற்கு மேல் தராது. படத் தரத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு, உலகப் பொருட்களின் எண்ணிக்கையையும் பிரதிபலிப்பையும் குறைத்தேன், 32க்கு வந்தது. இப்படிப்பட்ட பழைய கணினிக்கு 1660ஐவிடப் பெரிய கார்ட் போடுவது காசைக் கடலில் போடுவதுதான் என்பது என் எண்ணம்.

சனிக்கிழமை இரவு இரத்மலானையில் எழும்பினேன். 7,500 அடி. நக்கிள்ஸ் மலை இடது பக்கம் விலகிப் போனது, மகியங்கனை வந்தது, பிறகு தட்டையான பச்சை நிலம். மகன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்பா, எங்கட வீடு எங்க?"

தெற்கே திருப்பி, களுவாஞ்சிக்குடிக்கு மேலே 1,500 அடிக்கு இறங்கினேன். இந்த முறை எல்லாம் துல்லியம். வாவிக் கரை, தென்னந்தோப்பு, கல்முனை வீதி. வீதி போய்க்கொண்டே இருந்து, சரியாக எங்கள் ஊரில், ஒரு வெள்ளைக்குள் மறைந்தது. ஓரமெல்லாம் கூர்மையாக, நிழலோடு. அது மங்கல் இல்லை, முகில். செயற்கைக்கோள் படம் எடுத்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு மேல் நின்ற முகில், 6 ஜிபியில் இழை இழையாகத் தெரிந்தது.