எட்டு கோர் இருந்தா மட்டும் போதுமால?

வண்டிக்குள்ள இருக்குற ஒரே சிப்புல பல வேலைய, அதாவது டாஸ்க்க, எப்படி நேரத்துக்கு ஓட்டுறதுங்கிறதுதான் பேச்சு. கோர்னா அந்த சிப்புக்குள்ள தனித்தனியா வேல செய்யுற மூளை. மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன், ப்ரையாரிட்டி வேற கிரிட்டிக்காலிட்டி வேற. அடிக்கடி ஓட வேண்டிய டாஸ்க்குக்கு ப்ரையாரிட்டி கூட குடுப்போம், அது நேரக் கணக்கு. பிந்திப்போனா எவ்வளவு சேதாரம்ங்கிறதுதான் கிரிட்டிக்காலிட்டி. இப்போ வண்டியில பிரேக்கும் பாட்டும் ஒரே சிப்புல ஓடுது, பாட்டு விக்கிச்சுன்னா டிரைவரு வைவாரு, பிரேக்கு விக்கிச்சுன்னா வைய ஆள் இருக்காது.

இப்படி கிரிட்டிக்காலிட்டி வேற வேறயா உள்ள டாஸ்க்குகள ஒண்ணா ஓட்டுறதுக்கு மிக்ஸட் கிரிட்டிக்காலிட்டின்னு பேரு, இதுக்கு 2007ல ஸ்டீவ் வெஸ்டல்னு ஒருத்தர் எழுதுன பேப்பர்தான் ஆரம்பம். ஒரே டாஸ்க்குக்கு ரெண்டு நேரம் வச்சுக்கலாம்னாரு. நாம அளந்து பாத்தா பிரேக் டாஸ்க் 3 மில்லிசெகண்டு, பாதுகாப்புக்கு சான்று குடுக்குற சர்டிஃபிகேஷன்காரங்க பயந்து பயந்து 6னு போடுவாங்க. 10 மில்லிசெகண்டுக்கு ஒருக்க அது ஓடுது, கூடவே 20க்கு ஒருக்க 10 எடுக்குற வீடியோ டாஸ்க் ஒண்ணு. நம்ம கணக்குப்படி சிபியு 80 சதவீதம், அவங்க கணக்குப்படி 110, நூத்த தாண்டுனா ஆக மாட்டேங்குது. அதனால சாதாரணமா ரெண்டும் ஓடட்டும், பிரேக்கு 3ஐ தாண்டுன நிமிசமே வீடியோவ நிறுத்திருவோம். ஆனா தாண்டுனது தெரியும்போது மிச்ச 3க்கு நேரம் இருக்கணும்லா, அதுக்குத்தான் இடிஎஃப்-விடி. இடிஎஃப்னா யாரு டெட்லைன் (முடிக்க வேண்டிய கெடு) கிட்டக்க இருக்கோ அத மொதல்ல ஓட்டுறது, விடின்னா அதுல ஒரு பொய் கெடு வைக்கிறது. பிரேக்கோட டெட்லைன் 10 இல்ல 6தான்னு, யாரு எப்போ ஓடணும்னு முடிவு பண்ணுற ஷெட்யூலர்ட்ட பொய் சொல்லி முன்கூட்டியே ஓட வச்சிரும். எனக்கு ரொம்பப் புடிச்ச பொய் இது.

இந்த "நிறுத்திருவோம்"லதான் சண்டையே. சேரன்மாதேவி மாமாட்ட இத சொன்னா அடிக்க வருவாரு. அணையில தண்ணி கொறஞ்சா குடிதண்ணிக்குத்தான் மொதல்ல, கார் பருவ நெல்லு சாகுபடிக்கு கால்வாய்ல விட மாட்டாங்க, அது நியாயந்தான், ஆனா நாத்து பாவுன மனுசனுக்கு அது வேண்டாத பயிரா என்ன? இண்டஸ்ட்ரிகாரங்களும் இதத்தான் சொன்னாங்க, கிரிட்டிக்காலிட்டி கொறைவுன்னா தேவையில்லன்னு அர்த்தமில்லன்னு. அதனால இப்போ அடியோட தூக்காம 20க்கு ஒருக்க ஓடுறத 60க்கு ஒருக்கன்னு தள்ளிவிடுறது, தரத்தக் கொறைச்சு ஓட்டுறது இப்படியெல்லாம் பண்ணுதாங்க. எனக்கும் இதுதான் சரின்னு படுது.

"அண்ணே, எட்டு கோர் இருக்குல்லா, பெறவு என்ன?"ன்னு தம்பி கேட்டான். எந்த கோர்ல எந்த டாஸ்க்குன்னு பிரிக்கிறதே பெரிய தலவலி, பிரிக்காம எல்லா கோருக்கும் பொதுவா இடிஎஃப்னு விட்டாலும் லோடு ஒரு கோருக்குக் காணுறத விட கொஞ்சூண்டு கூடுனாலே டெட்லைன் தவறலாம்னு தால், லியு ரெண்டு பேரும் 1978லயே காட்டிட்டாங்க. அதவிட மோசம் மெமரி. கோர் எட்டுதான், டிராமுக்கு, அதாவது பெரிய மெமரிக்குப் போற பாதை எல்லாருக்கும் பொது, அடிக்கடி வேணுங்கிறத கிட்டக்க வச்சுக்கிற குட்டி மெமரியான கேஷும் பாதி பொது. தனியா ஓடும்போது 3 எடுத்த பிரேக்கு, பக்கத்து கோர்ல வீடியோ மெமரிய போட்டு அடிச்சா 3ல நிக்காது. அப்போ நாம அளந்த நம்பருக்கே மதிப்பில்லாமப் போவுது. மெம்கார்டுன்னு ஒரு வழி இருக்கு, ஒவ்வொரு கோருக்கும் இத்தன தடவதான் மெமரிய தொடலாம்னு கோட்டா, சிபியுல உள்ள கவுண்டர வச்சு எண்ணி, தாண்டுனா அடுத்த ரவுண்டு வரைக்கும் அந்த கோர நிறுத்திரும். கறார்தான், ஆனா வேல செய்யுது.

இதுல யாரும் ரொம்பப் பேசாத விசயம், நிறுத்துன வீடியோவ எப்போ திரும்ப விடுறதுங்கிறது. ஒரு கோர்னா அது சும்மா இருக்குற நேரம் பாத்து ரெண்டும் ஓடுற பழைய மோடுக்கு வந்துரலாம். எட்டும் சேந்தாப்ல சும்மா இருக்குற நேரம் வராமலே போயிரலாம்லா?