சாதுவாகத் தெரிந்த கட்டி

64ஆம் வயதில் என் இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை, தொட்டால் மெத்தென்றிருந்தது. முதலில் சென்ற ஸ்கேன் மையத்தில், விளிம்பு சீராக இருப்பதால் ஃபைப்ரோஅடினோமா என்னும் தீங்கற்ற கட்டியாக இருக்கலாம் என்றும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை நான் முழுமையாக நம்பினேன்.

என் மகள் நம்பவில்லை. அவள் அழைத்துச் சென்ற மருத்துவமனையில் மேமோகிராமையும் அல்ட்ராசவுண்டையும் மீண்டும் எடுத்த மருத்துவர், விளிம்பில் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருப்பதையும், கட்டி சுற்றியுள்ள கொழுப்பின் சாம்பல் நிறத்தோடு ஏறக்குறைய ஒன்றியிருப்பதையும், அதன் பின்புறம் நீர்க்கட்டிக்குப் பின்னால் தெரிவதுபோல் வெளிறித் தெரிவதையும் திரையில் காட்டினார். "மாதவிடாய் நின்ற பிறகு புதிதாக வரும் கட்டியை, எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், திசு எடுத்துப் பார்க்காமல் விடக்கூடாதும்மா" என்று சொல்லி, மார்பகப் படங்களில் புற்றுநோய்ச் சந்தேகத்தை மதிப்பிடும் அளவீட்டில் பைராட்ஸ் 4, அதாவது சந்தேகத்துக்குரியது, என்று குறித்தார்.

மரத்துப்போக மருந்து செலுத்தி, 14 கேஜ் தடிமனுள்ள ஊசியால் நான்கு துண்டுகள் எடுத்தார்கள். அவை ஜவ்வரிசிக் கஞ்சிபோல் பளபளத்ததை நானே பார்த்தேன். முடிவு மியூசினஸ் கார்சினோமா, அதாவது சளி சுரக்கும் புற்றுநோய். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டே இவ்வகை.

திசுவை ஆராய்ந்த நோய்க்குறியியல் மருத்துவரைச் சந்திக்க வேண்டுமென்று கேட்டேன். அந்த அரைமணி நேரம்தான் எனக்குத் தெளிவைத் தந்தது. நுண்ணோக்கியில், வெளிர்நிறச் சளிக் குளத்தில் புற்றுச்செல்கள் சிறு தீவுகளாக மிதந்தன. அந்தச் சளியே ஒலியலைகளை எளிதில் கடக்கவிட்டுப் பின்புறத்தை வெளிறச் செய்தது. திசுவைக் குத்திக் கிழிக்காமல் தள்ளி வளர்ந்ததால்தான் விளிம்பும் சீராகத் தோன்றியது. அறிக்கையில் 'தூய வகை' என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். கட்டியில் 90 சதவீதத்துக்கு மேல் இதே அமைப்பு இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும், ஊசியில் வந்த துண்டுகள் முழுக் கட்டிக்கும் சாட்சி ஆகா, கலப்பு வகையென்றால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பு கூடும் என்று பொறுமையாக விளக்கினார்.

மார்பை முழுவதும் அகற்றாமல் கட்டியையும், நோய் பரவினால் முதலில் சென்றடையும் அக்குள் நிணநீர்க் கணுக்களான காவல் கணுக்கள் இரண்டையும் எடுத்தார்கள். பத்தாம் நாள் வந்த அறிக்கையில் தூய வகை என்று இருந்தது. கணுக்களில் நோய் இல்லை, புற்றுச்செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி உண்டு, வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 புரதம் மிகையாக இல்லை. கீமோ தேவைப்படவில்லை. கதிர்வீச்சு முடிந்து, இப்போது ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைக்கும் லெட்ரசோல் மாத்திரை தினமும் ஒன்று சாப்பிடுகிறேன். அது எலும்பை மெலியச் செய்யுமென்பதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கும் தேதி வாங்கியிருக்கிறேன்.