குழாய்க்குச் சொரணை கூடிப்போன கதை

ராத்திரி ரெண்டு மணிக்குச் சமையலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். சொட்டுச் சொட்டாக இல்லை, யாரோ நின்று நிதானமாகப் பாத்திரம் கழுவுகிற மாதிரி. பக்கத்தில் மனைவி தூங்குகிறாள், மகள் தூங்குகிறாள், அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குறட்டை வருகிறது. அப்படியானால் கழுவுவது யார்? எழுந்து போகத் தைரியம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கண்ணாடியைத் தேடுகிறேன், டார்ச்சைத் தேடுகிறேன் என்று நேரத்தை ஓட்டிவிட்டு நான் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் தானாகவே நின்றுவிட்டது. சமையலறையில் ஒருவரும் இல்லை. சிங்க் மட்டும் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது.

தொட்டால் தண்ணீர் வரும் குழாயை வாங்கி மாட்டி அன்றைக்கு மூன்றாவது வாரம்.

வாங்கியது என் ஆசைதான். கையெல்லாம் மாவோ சோப்போ இருக்கும்போது குழாயைத் திருகினால் கைப்பிடியெல்லாம் அப்பிக்கொள்ளும், அப்புறம் கையைக் கழுவிவிட்டுக் கைப்பிடியையும் கழுவ வேண்டும். இதில் அந்த வம்பே இல்லை, முழங்கையால் லேசாக ஒரு இடி இடித்தால் போதும், தண்ணீர் வரும், இன்னொரு இடிக்கு நிற்கும் என்று ஒரு வாரம் வீட்டில் பிரசாரம் செய்தேன். அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "திருகினா வராத தண்ணியாடா தொட்டா வரப்போகுது?"

முதல் நாளே வரவில்லை. பெரிய வால்வுகள் எல்லாம் திறந்துதான் இருந்தன, பேட்டரி புதுசு, தொடுகிறேன், அடியில் 'டக்' என்று சத்தமும் கேட்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. சிங்குக்கு அடியில் இருந்த டப்பா, துணி, துடைப்பம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு ஒயராக நெருடிப் பார்த்தேன். இருபது நிமிஷம். மகள் வந்தாள், எட்டிப்பார்த்தாள், குழாயின் பக்கவாட்டில் இருந்த கைப்பிடியைத் தூக்கினாள், தண்ணீர் வந்துவிட்டது. "பாட்டி மூடிட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இந்தக் குழாயில் ரெண்டு காவல்காரர்கள் உண்டு. ஒன்று வழக்கமான கைப்பிடி, இன்னொன்று அடியில் பேட்டரியில் ஓடும் வால்வு. ரெண்டு பேரும் வழிவிட்டால்தான் தண்ணீர். கைப்பிடியைத் திறந்தே வைத்துவிட வேண்டும், திறப்பதும் மூடுவதும் தொடுவதற்கு. ஆனால் ஐம்பது வருஷமாக, வேலை முடிந்ததும் குழாயை இறுக்கி மூடிப் பழகிய கைக்கு இதை யார் சொல்லிக்கொடுப்பது? நான் சொல்லிப் பார்த்தேன். "குழாயைத் தெறந்து போட்டுட்டுத் தூங்கச் சொல்றியா?" என்று அம்மா கேட்டபோது எனக்கே நான் சொன்னது ஒரு மாதிரியாகத்தான் பட்டது.

அம்மாவுக்கு இன்னொரு பழக்கம். தொடச் சொன்னால் அடிப்பார். கொசுவை அடிக்கிற மாதிரி பட் பட்டென்று. முதல் அடிக்குத் திறக்கும், ரெண்டாவதுக்கு மூடும், மூன்றாவதுக்குத் திறக்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடித்தால் தண்ணீர் வரும் என்று மகள் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தாள். அது வேலை செய்தது.

சரி, ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன். மறுநாளிலிருந்து பகலிலும் ஆரம்பித்துவிட்டது. மேடையைத் துடைத்தால் தண்ணீர் வருகிறது. தட்டை சிங்கில் வைத்தால் வருகிறது. எதுவும் செய்யாமல் பக்கத்தில் நின்றாலும் வருகிறது என்று மனைவி சொன்னாள், அதை நான் நம்பவில்லை. நேரில் பார்த்தேன், அவள் சிங்க் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள், குழாய் திறந்துகொண்டது. "பாருங்க, அதுக்கே பொறுக்கலை" என்றாள்.

அம்மா மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் கொழாயைத் தொடவே இல்லடா, தட்டைத்தான் வைக்கிறேன்." வயதானவர், கை பட்டிருக்கும், கவனித்திருக்கமாட்டார் என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை. இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேட்டரி. குழாயின் அடியில் இருக்கும் குட்டி விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது, எங்கள் மாடலில் அதற்குப் பேட்டரி இறங்குகிறது என்று அர்த்தம். மூன்று வாரத்தில் எப்படி இறங்கும்? பெட்டியைத் திறந்தால் உள்ளே நாலு ஏஏ பேட்டரிகள், ரெண்டு நான் போட்டவை, மீதி ரெண்டு அடையாளமே தெரியாதவை. விசாரித்ததில் மகளின் ரிமோட் காருக்கு அவசரமாக ரெண்டு தேவைப்பட்டதும், அவள் நேர்மையாக அதற்குப் பதில் காரில் இருந்த செத்த ரெண்டை இங்கே போட்டுவைத்ததும் தெரியவந்தது. புதுசும் பழசும் கலந்தால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும். சரி, இனிமேல் பேட்டரிக்குச் செலவே வேண்டாம் என்று ரீசார்ஜ் செய்யும் வகையைப் போட்டேன். புத்திசாலித்தனம். அது ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5. நாலு சேர்ந்தால் 6 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 4.8தான். சிவப்பு விளக்கு மறுபடி சிமிட்டியது. அல்கலைனையே போட்டேன், விளக்கு அடங்கியது. குழாய் அடங்கவில்லை.

அப்புறம் ரீசெட். பேட்டரி ஒயரைக் கழற்றி, சில நிமிஷம் விட்டு, திரும்பச் சொருக வேண்டும். சொருகியதும் குழாய் தன்னைத்தானே அளந்துகொள்ளும், 'யாரும் தொடாதபோது நான் இப்படி இருப்பேன்' என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும், அதற்கப்புறம் அந்தக் கணக்கு சட்டென்று மாறினால் யாரோ தொடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். அந்தச் சில நொடி யாரும் குழாயைத் தொடக்கூடாது. இந்தக் கடைசி வாக்கியம் கையேட்டின் அடுத்த பக்கத்தில் இருந்தது. மனைவி அடியில் ஒயரைச் சொருக, நான் மேலே, குழாய் ஆடாமல் இருக்கட்டும் என்று கழுத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழாய் என் கையையும் தன் உடம்பில் ஒரு பாகமாகக் கணக்கில் ஏற்றிக்கொண்டது. கையை எடுத்தேன், அவ்வளவுதான், தொட்டாலும் அடித்தாலும் அசையவில்லை. பேய் பிடித்த குழாய் ஒரு நிமிஷத்தில் ஜடமாகிவிட்டது. "இதுக்கு அதுவே தேவலை" என்றாள் மனைவி, அடியில் இருந்தபடியே. மறுபடி கழற்றி, மறுபடி காத்திருந்து, இந்த முறை நாங்கள் ரெண்டு பேரும் ரெண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

பழைய பேய் திரும்ப வந்துவிட்டது.

இதற்கிடையில் தண்ணீரின் வேகமும் குறைந்துபோயிருந்தது, கிணறு வெட்டப் பூதம் கிளம்புகிற மாதிரி. ஒருவேளை அடைப்பினால்தான் வால்வு கோளாறு செய்கிறதோ என்று எனக்கு ஒரு யோசனை. (சம்பந்தம் இல்லை. வால்வில் தூசி சிக்கினால் தண்ணீர் முழுசாக நிற்காமல் கசியும், தானாகத் திறந்துகொள்ளாது. இது இப்போது தெரிகிறது.) வால்வுப் பெட்டிக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன சல்லடை இருக்கும், அதைக் கழற்றிக் கழுவலாம் என்று அடியில் படுத்தேன். பொறுப்பாகச் சுவரில் இருந்த வால்வை மூடிவிட்டுத்தான் பெட்டிக்கு வரும் குழாயைக் கழற்றினேன். ஆனால் சுவரில் ரெண்டு வால்வு, ஒன்று பச்சைத் தண்ணீருக்கு, இன்னொன்று வெந்நீருக்கு. மேலே கைப்பிடி நடுவில் இருந்தது. கழற்றிய நொடியில் வெதுவெதுப்பாக ஒரு பீச்சல் நேரே முகத்தில், மூக்கில், டார்ச்சைக் கவ்விய வாயில். எழுந்த வேகத்தில் தலை சிங்கில் மோதியது. மேலே அலமாரியில் இருந்த டம்ளர் உருண்டு சிங்கில் விழ, அம்மா கூடத்திலிருந்து, "தண்ணி வருதாடா?" என்று கேட்டார். வந்தது அம்மா, வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், சல்லடையில் ஒரு சிட்டிகை மணலும் டெஃப்ளான் டேப்பின் ஒரு துணுக்கும் இருந்தன. கழுவி மாட்டியதும் வேகம் சரியாகிவிட்டது. ஒரு வாரத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.

ஈரச் சட்டையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். குழாய் வாங்கியவுடன் செய்திருக்க வேண்டியது. செல்போன் திரைக்குள் இருக்கும் அதே சூட்சுமம்தான் இதிலும். நம் உடம்பு மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும், குழாயின் உலோக உடம்பைத் தொட்டால் அதன் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் அளவு, சட்டென்று கூடும், அடியில் இருக்கும் பெட்டி அதைக் கண்டுபிடித்து வால்வைத் திறக்கும். உலர்ந்த மரக்கரண்டியால் தட்டினால் கண்டுகொள்ளாது. பட்டன் என்று தனியாக எதுவும் இல்லை, குழாய் முழுக்கவே பட்டன்தான். குழாயை ஒட்டி வேறு உலோகம் இருந்தால் அதுவும் குழாய்தான், அதனால் உலோக சிங்கில் மாட்டும்போது நடுவில் பிளாஸ்டிக் வளையம் கட்டாயம் வைக்கவும் என்று எழுதியிருந்தது.

வளையம் இருந்தது. நானே வைத்தது. குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன், சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது.

அப்போது அம்மா தட்டோடு வந்தார். எப்போதும் போல சிங்கில் வைத்தார், தண்ணீர் வந்தது. "பாத்தியா? கொழாயைத் தொட்டேனா?" இந்த முறை நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடவில்லை. குழாய்க்கும் அம்மாவின் கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. தட்டு எவர்சில்வர், சிங்கும் எவர்சில்வர். சிங்கில் ஒரு கால், குழாயின் கழுத்தில் ஒரு கொக்கி என்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது ஒரு கம்பி ஸ்டாண்டு. சோப்பும் தேய்க்கும் நாரும் வைப்பதற்கு. அதுவும் எவர்சில்வர். குழாய் மாட்டி மூன்றாவது வாரத்தில், "இடம் அடைக்காது, அப்படியே குழாயிலேயே தொங்கும்" என்று சொல்லி நான்தான் வாங்கி மாட்டினேன்.

அந்தக் கம்பி வழியாக சிங்க் மொத்தமும் குழாயாகிவிட்டிருந்தது. விளிம்பில் கை ஊன்றினாலும் சரி, தட்டை வைத்தாலும் சரி, ஈரத் துணியால் துடைத்தாலும் சரி, குழாயைப் பொறுத்தவரை யாரோ தன்னைத் தொடுகிறார்கள். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்ன வேலையை ரொம்பச் சிரத்தையாகச் செய்துகொண்டிருந்தது. ராத்திரி வந்ததுகூட, அன்றைக்குக் கைப்பிடி மூடாமல் கிடந்து, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களில் ஒரு கரண்டி சரிந்து போய்க் குழாயில் சாய்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். நான் டார்ச் தேடிய நேரத்தில் தானாக நின்றதிலும் மர்மம் இல்லை, யாரும் நிறுத்தாவிட்டால் நாலு நிமிஷத்தில் தானே மூடிக்கொள்ளும் வசதி எங்கள் மாடலில் உண்டு. அதாவது கண்ணாடியும் டார்ச்சும் தேட எனக்கு நாலு நிமிஷம் ஆகியிருக்கிறது.

ஸ்டாண்டைக் கழற்றினேன். சிங்கில் தட்டை வைத்தேன், வரவில்லை. மேடையைத் துடைத்தேன், வரவில்லை. விளிம்பில் முழங்கையை வைத்து அழுத்தினேன், வரவில்லை. நம்பிக்கை வராமல் ஸ்டாண்டைத் திரும்ப மாட்டிவிட்டு விளிம்பை ஒரு விரலால் தொட்டேன், வந்தது. கழற்றினேன், தொட்டேன், வரவில்லை. மாட்டினேன், வந்தது. ஏழெட்டுத் தடவை செய்திருப்பேன், பின்னால் மகள் வந்து நின்று, "அப்பா, எனக்கும் ஒரு தடவை" என்று கேட்டபோதுதான் நிறுத்தினேன்.

சோப்பும் நாரும் இப்போது ஜன்னல் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன. கைப்பிடியை அம்மா இன்னமும் ராத்திரி மூடிவிட்டுத்தான் படுக்கிறார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நான் அதைத் திறந்துவைக்கிறேன், இந்த விஷயத்தில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

நேற்று சாயங்காலம் அம்மா பெரியம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஒண்ணும் பெரிசா இல்லக்கா. ஒரு கம்பி ஸ்டாண்டு, அதை எடுத்ததும் சரியாப் போச்சு. நான் மொதல்லயே சொன்னேன். அதுக்குள்ள இவன் ஒரு வாரம் கொழாய்க்கு அடியிலயே படுத்துக் கெடந்தான்."