ஜெபக்குழுவை யார் கையில் கொடுப்பது?

நன்றாகப் பாடுகிறார், வாரம் தவறாமல் வருகிறார் என்று ஒருவரிடம் வீட்டு ஜெபக்குழுவை ஒப்படைத்துவிடுகிறோம். சில மாதங்களில் ஒன்று சோர்ந்துபோவார், இல்லையென்றால் பெருமை பிடித்துக்கொள்ளும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைக் கண்காணியாக்க (சபையை நடத்தும் பொறுப்பில் வைக்க) வேண்டாம் என்று வேதத்தில் 1 தீமோத்தேயு 3:6 சொல்வது இதற்காகத்தான்.

இரண்டு மூன்று பேரைப் பழக்கினால் போதும். முதலில் கூடவே இருந்து பார்க்கட்டும். பிறகு ஆரம்ப ஜெபம், அடுத்து வேதபகுதியிலிருந்து கேள்விகள், கடைசியாகத்தான் முழுக் கூட்டம். முடிந்த அன்றே பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள்: யார் வாயே திறக்கவில்லை? கேள்வி கேட்டுவிட்டு, பதிலையும் நடத்தியவரே ஏன் சொன்னார்? (பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.) குறையைத் தனியாகச் சொல்லுங்கள், சபை நடுவில் வேண்டாம்.

காணிக்கையை எப்போதும் இருவர் எண்ணட்டும்.

2 தீமோத்தேயு 2:2-ல், கேட்டதை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வரிசையில், பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், மற்றவர்கள் என நான்கு தலைமுறை உண்டு. குழு கைமாறும் நாளிலேயே, அடுத்து யாரைப் பழக்கப்போகிறார் என்று கேட்டுவிடுங்கள்.